கார்டு வண்டி ஏறினால் வாடகை இறங்கும்

வங்காள விரிகுடாவுக்கு அடுத்தபடியாகக் கோவளம் கரையில் அதிக வீடுகளைக் காலி செய்ய வைத்தவர் ரயில்வேயில் ஓய்வு பெற்ற எங்கள் கார்டுதான். விரிகுடாவாவது மனசு வந்தால்தான் புயல் அனுப்பும். கார்டுக்கு அந்த நிதானமெல்லாம் கிடையாது. இடது முழங்காலில் லேசாக ஒரு குடைச்சல் கண்டால் போதும், மூட்டை கட்டிவிடுவார். அவர் கட்டினால் அந்த வீட்டு வரிசையே கட்டும். அத்தனை பேருக்கும் வேறு வீடு பார்த்துக் கொடுக்க வேண்டிய பாவி நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் செங்கல்பட்டில் வீட்டுத் தரகனாக இருந்தேன். இப்போது பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிறேன். இரண்டு தொழிலிலும் உள்ளதைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இதில் நடை குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். அன்று தேய்ந்த செருப்புகளை நினைத்தால் இன்றும் கால் வலிக்கிறது.

பட்டணத்தில் காலமெல்லாம் பேனா பிடித்து ஓய்வு பெற்றவர்களுக்கு அப்போது ஒரே பைத்தியம், கடல் காற்று. சித்திரை பிறந்ததும் வந்து என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். "தம்பி, மிச்ச காலத்தைக் கடலைப் பாத்துக்கினே கழிச்சிடணும், கோவளத்துல ஒரு வூடு பாரு" என்பார்கள். பார்த்துக் கொடுப்பேன். ஐப்பசியில் வானம் கறுத்ததும் அதே ஆள் அதே கையைப் பிடித்துக்கொள்வார். "இன்னாய்யா, மனுசன் இருக்கற எடமா அது? செங்கல்பட்டுல மேடா ஒரு தெருவுல பாரு" என்பார். பார்த்துக் கொடுப்பேன். மறுபடி சித்திரை வரும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மெலிவார்கள், எதிர்ப்பக்கத்தார் பெருப்பார்கள். நான் மட்டும் எல்லாக் காலத்திலும் மெலிந்தேன்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் என்று யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் கார்டு ரயிலுக்கே கொடி காட்டியவர். பெரிய பெரிய எஞ்சின்கள் அவர் விசிலுக்குக் காத்திருந்தனவே, நாம் எம்மாத்திரம் என்று பென்ஷன்காரர்கள் நினைத்தார்களோ என்னவோ. அவருக்கு ஒரு பெயர் நிச்சயம் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. அவர் மனைவி தாயாரம்மாவே, "எங்க கார்டு குளிக்கப் போயிருக்காரு, குந்து நைனா" என்றுதான் சொல்வார். ஒல்லி உடம்பு, காக்கிச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டிய விசில். ஓய்வு பெற்றும் விசிலைக் கழற்றவில்லை. கொடிகள் இரண்டையும் கொண்டுவந்திருந்தார். சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று.

கோவளத்தில் பள்ளிவாசலுக்குப் பின்னால் காசிம் பாய் வரிசையாக ஓட்டு வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். கடைசி வீடு கார்டுக்கு. கடைசி வீடுதான் வேண்டும் என்று பிடிவாதம். வாழ்நாளெல்லாம் வண்டியின் கடைசிப் பெட்டியில் போனவருக்கு நடுவில் இருந்தால் தூக்கம் வராதாம்.

வீடு பார்ப்பதிலும் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. வெயிலில் வீடு பார்க்க வரமாட்டார். செங்கல்பட்டில் அரிசி மண்டிக்காரர் ஒருவரின் வீட்டுக்கு அவரை முதன்முதலில் அழைத்துப்போனது கொட்டுகிற மழையில். மண்டிக்காரர் பலகாரம், காப்பி எல்லாம் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கார்டு நேரே கூடத்துக்குப் போய் ஈரத் தரையில் நெடுக மல்லாந்து படுத்துவிட்டார். மண்டிக்காரர் பதறிப்போய் என்னைப் பார்த்தார்.

"இன்னா, மயக்கமா?"

"ஓட்டப் பாக்கறாரு" என்றேன். அதற்குமேல் என்ன சொல்ல?

கார்டு படுத்தபடியே கூவினார். "கிழக்கால மூணாவது சட்டம் முனகுது! ஓனர் சார், உங்க வூடு மழைக்கு அழுவுது!" பிறகு எழுந்து ஜன்னல் ஒவ்வொன்றாகச் சாத்தினார், திறந்தார், காதை வைத்துக் கேட்டார். கதவை ஓர் உலுக்கு உலுக்கினார். கடைசியில், அந்த ஒரு சட்டத்தை மாற்றினால் போதும் என்று சொல்லி, முற்றத்தில் நின்று பச்சைக்கொடியைக் காட்டினார். மண்டிக்காரருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொன்னதுபோலப் பூரித்துப்போய், காப்பியை எனக்குக் கொடுக்க மறந்துவிட்டார்.

வீடு மாற்றுகிற அழகு இன்னும் பெரிய கூத்து. ஏழுமலை என்கிறவன் மாட்டு வண்டிதான் வழக்கமாக வரும். சாமான் ஏற்றியதும் தாயாரம்மா முன்னால் ஏழுமலைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். கார்டு வண்டியின் வால்பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னால் ஓடுகிற சாலையைப் பார்த்தபடி உட்காருவார். எல்லாம் சரியா என்று ஒரு பார்வை. ஒரு விசில். பச்சைக்கொடி. அதற்குப் பிறகுதான் வண்டி நகரும். வருஷக்கணக்கில் இதைக் கேட்டு அந்த மாடுகள் கெட்டுப்போயின. ஏழுமலை வாலை முறுக்கினாலும் நகராது, விசில் கேட்டால்தான் கால் எடுக்கும்.

"இன்னா சார் இது, மாட்டக் கெடுத்து வெச்சிட்ட! நேத்து நெல்லு ஏத்திகினு நிக்கறேன், ஒரு அடி நவுரல. நானே வாயால ஊதினேன், ஊரே சிரிச்சிது!" என்று அவன் என்னிடம்தான் புலம்புவான். தரகன் என்றால் மாட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

சரி, கார்டு வண்டி ஏறினால் என்ன ஆகும்? கேளம்பாக்கம் தாண்டுவதற்குள் கோவளத்தில் வாடகை இறங்கும். திருப்போரூர் தாண்டுவதற்குள் செங்கல்பட்டில் ஏறும். ரேடியோவில் புயல் என்று சொன்னால் பென்ஷன்காரர்கள் நம்பமாட்டார்கள். துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் நம்பமாட்டார்கள். "கார்டு இன்னா சொல்றாரு?" என்று மட்டும் கேட்பார்கள். கார்டின் முழங்கால் பத்துத் தடவை சொன்னால் ஒன்பது தடவை வெறும் தூறல்தான். அந்த ஒன்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

காசிம் பாய்க்கு இது வயிற்றெரிச்சல். நல்ல மனிதர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. ஐப்பசி பிறந்தால் தினமும் தைலப் புட்டியோடு கார்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.

"அண்ணாத்த, காலு எப்டி கீது?"

"கொஞ்சம் குத்துது பாய்."

"தடவிக்க அண்ணாத்த, நல்லாத் தடவிக்க. நாஸ்தா துன்னியா? குளுந்த தண்ணில காலு வெக்காத. உன் காலு ஒயுங்கா இருந்தாத்தான் என் வூட்டுல வெளக்கு எரியும்."

ஒரு வருஷம் தீபாவளிக்கு முன்னால் தாயாரம்மா வீட்டைச் சுத்தம் செய்தபோது கொடிகளையும் துவைத்துக் காயப்போட்டார். பச்சை காற்றில் பறந்து வேலிக்குள் விழுந்துவிட்டது. சிவப்பு மட்டும் ஓட்டு விளிம்பில் படபடத்துக்கொண்டிருந்தது. எதிரே வந்த தபால் ஆபீஸ் பென்ஷன்காரர் அதைப் பார்த்தார். அவ்வளவுதான். உலையில் அரிசி வெந்துகொண்டிருக்க, பானையை அப்படியே விட்டு வண்டி கட்டியவர்கள் உண்டு. மத்தியானத்துக்குள் வரிசை காலி. உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் புறப்பட்டு, செங்கல்பட்டுக்கு வந்து என் வீட்டு வாசலில் குடையோடு நின்றார்கள். ஒரு மேகம் கூட இல்லை.

கார்டோ சாப்பிட்டுவிட்டு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் எழுந்து வெளியே வந்தால் ஒரு ஈ காக்காய் இல்லை. காசிம் பாய் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"எங்க பாய் எல்லாரும்?"

"பூட்டாங்க."

"எல்லாருமா?" கார்டுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்போ ஏதோ பெருசா வருது போல கீதே! எனக்கு ஒருத்தனும் சொல்லலியே!" என்று அவரும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் காலையில் அவரும் என் வாசலில். தாயாரம்மா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த அம்மாளின் கஷ்டம் எனக்கு அதற்கு முன் உறைத்ததில்லை. ஆடியில் அவர் கொல்லையில் அவரை விதை போடுவார். பந்தல் கட்டுவார். கொடி படர்ந்து பூவெடுக்கிற சமயத்தில் கார்டுக்கு முழங்கால் குத்தும். காய் காய்ப்பது மார்கழியில். மார்கழியில் இவர் செங்கல்பட்டில் கடையில் காய் வாங்கிக்கொண்டிருப்பார். சித்திரையில் திரும்பி வந்தால் காசிம் பாயின் ஆடுகள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கும். "ஒரு வருசமாச்சும் என் காய நான் பறிச்சி ஆக்கணும் நைனா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். நான் கிழவிகளின் சாதாரணப் புலம்பல் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். எனக்கு அன்று இன்னும் நாலு வீடு காட்ட வேண்டியிருந்தது.

அடுத்த வருஷமும் ஐப்பசி வந்தது, முழங்காலும் குத்தியது. மண்டிக்காரர் வீடு தயார். முதல் நடை வண்டியில் டிரங்குப் பெட்டி, கட்டில், ஊறுகாய் ஜாடி எல்லாம் போய்ச் சேர்ந்தன. மறுபடி வண்டி வந்து மிச்ச சாமானும் ஏறியது. நானும் சாவி வாங்கிக்கொள்ள வந்திருந்தேன். மழை பிடித்துவிட்டது. வரிசையில் மற்றவர்களும் வண்டியில் ஏறி, கார்டின் விசிலுக்காகக் காத்திருந்தார்கள். தாயாரம்மா மட்டும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏறு தாயாரு, லேட் ஆவுது" என்றார் கார்டு, வாலில் உட்கார்ந்தபடி.

"நான் வரல."

"இன்னாது?"

"வரலன்னேன். நீங்க போங்க. எனக்கு மூட்ட கட்டிக் கட்டி கை விட்டுப்போச்சி. இந்தத் தடவ அவரக்கா பறிக்காம இந்தப் படிய விட்டு எறங்கமாட்டேன்."

"புயலு வருதுடி! அவரக்காயா பெருசு? மண்டிக்காரரு வூட்ல ஒரு பயமும் இல்ல."

தாயாரம்மா எழுந்து நின்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"எனக்கு எப்போ பயம்னு உங்களுக்குத் தெரியுமா? ரயில்வே குவார்ட்டர்ஸ்ல ஓடு பறந்துச்சே, அன்னிக்கு மேசைக்கடியில ராத்திரி பூரா தனியா குந்திகினு இருந்தேன். நீங்க டியூட்டில எங்கியோ வண்டியோட நின்னுகினு இருந்தீங்க. உங்க மேல தப்பில்ல. அன்னிலேர்ந்து என்ன ஊரூரா இஸ்துகினு ஓடறீங்க. ஆனா அன்னிக்கு நான் பயந்தது காத்துக்கு இல்ல. பக்கத்துல நீங்க இல்லியேன்னுதான். இப்போதான் வூட்டோட கீறீங்களே, இன்னும் எங்க ஓடணும்? வண்டில கூட நான் முன்னால, நீங்க பின்னால!"

தைலப் புட்டியோடு வந்து நின்ற காசிம் பாய் அதைச் சட்டைப் பைக்குள் மெதுவாகப் போட்டுக்கொண்டார். கார்டு கையில் பிடித்த கொடியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு வண்டியிலிருந்து இறங்கி, "ஏழுமல, மாட்ட அவுத்துடு" என்றார்.

வரிசைக்காரர்கள் திகைத்தார்கள். கார்டு இருக்கிறார் என்றால் இருப்பதா, மூட்டை கட்டியாகிவிட்டதே என்று போவதா? "உங்களுக்கு எப்டி தோணுதோ" என்று கார்டு முதன்முதலாகக் கையை விரித்தார். அது அவர்களை இன்னும் பயமுறுத்திவிட்டது. எல்லாரும் செங்கல்பட்டுக்கு வண்டியை விரட்டினார்கள். நானும் அவர்களோடு போனேன்.

அந்த முறை வந்தது நிஜப் புயல். செங்கல்பட்டில் காற்று பெரிதாக இல்லை, ஆனால் மழை விடவில்லை. விடிவதற்குள் ஏரித் தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டது. மேட்டுத் தெரு என்று நான் சத்தியம் செய்து கொடுத்த தெருவில் முழங்கால் ஆழம். கடலுக்குப் பயந்து வந்தவர்கள் கட்டில்மேல் குந்தியிருந்தார்கள். மண்டிக்காரர் அரிசி மூட்டைகளின்மேல் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். தண்ணீரில் துழாவிக்கொண்டு போன என்னைத் தபால் ஆபீஸ் பென்ஷன்காரர் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, கோவளத்துல வூடு எதுனா காலியா கீதா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. காலியாகத்தானே இருக்கிறது, நேற்று நீ காலி செய்ததுதானே ஐயா!

ஆனால் எனக்கு அந்தக் கடைசி வீட்டின் நினைப்பாகவே இருந்தது. பாதை திறந்ததும் கிடைத்த லாரியில் தொத்திக்கொண்டு ஓடினேன். தென்னைகள் சாய்ந்து கிடந்தன. காசிம் பாய் தன் வீட்டு ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார். "கீறாங்க நைனா, ரெண்டு பேரும் நல்லா கீறாங்க!" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கார்டு வீட்டுச் சமையலறைக் கூரை போயிருந்தது. அவரைப் பந்தல் குப்புற விழுந்திருந்தது. தாயாரம்மா வெட்டவெளியில் அடுப்பு மூட்டி எனக்குக் காப்பி போட்டார்.

"ராத்திரி பூரா கதவண்ட நாற்காலியப் போட்டுக் குந்திகினு இருந்தாரு. ஒவ்வொரு காத்துக்கும் சொல்லிகினே வந்தாரு. 'இது பாசஞ்சரு தாயாரு, நின்னு நின்னுதான் போவும். இது கூட்ஸு, நீட்டமா கீது, பொறுத்துக்க. இது மெயிலு, சத்தம்தான் பெருசு, ஒரு நொடில பூடும்.' சமையல்கட்டு ஓடு பறந்தப்போ மட்டும் ஒண்ணும் சொல்லல. என் கையப் புடிச்சிகினாரு" என்றார் தாயாரம்மா.

கார்டு கொல்லைப் பக்கம் திரும்பிக்கொண்டு பந்தல் கழியை நட்டுக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

தண்ணீர் வடிந்ததும் செங்கல்பட்டில் கிடந்த முதல் நடை சாமான்களை எடுத்துப்போகக் கார்டும் ஏழுமலையும் வந்தார்கள். தாயாரம்மாவும் வந்திருந்தார். "தனியா வுட்டா இவரு இங்கியே ஒரு வூட்டப் பாத்து மல்லாந்துடுவாரு" என்றார். மண்டிக்காரர் வீட்டுப் பரணிலிருந்த ஊறுகாய் ஜாடி பத்திரமாக இருந்தது. மற்றதெல்லாம் சேறு. சாமானை ஏற்றி முடித்தோம். தாயாரம்மா முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

கார்டு ஜாடியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பழக்கம்போல வண்டியின் வாலுக்குப் போனார். ஒரு காலைத் தூக்கி வைத்தார். அப்படியே நின்றார். அங்கிருந்து சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தார். தாயாரம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். ஏழுமலை நுகத்தடிக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொள்ள, கார்டு ஏறி மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், மடியில் ஜாடி.

ஏழுமலை கயிற்றைச் சுண்டினான். மாடுகள் அசையவில்லை. வாலை முறுக்கினான். அசையவில்லை. காதை மட்டும் பின்னால் திருப்பிக்கொண்டு நின்றன. விசில் கார்டின் கழுத்தில்தான் தொங்கியது. ஆனால் அவர் அதை மறந்தே போயிருந்தார். அவரைக்கொடி தை மாதத்துக்குள் மறுபடி பூ வைக்குமா என்று தாயாரம்மா ஏதோ கேட்க, அவர் குனிந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏழுமலை என்னைப் பார்த்தான். நான் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன். பிறகு இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தேன். மாடுகள் சமாதானமாகக் கால் எடுத்து வைத்தன. முன்னால் இருந்தவர்கள் இருவரும் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அதன்பிறகு கார்டு எனக்கு ஒரு வீட்டுக்குக் கூட வேலை வைக்கவில்லை. அன்று திருப்போரூர் சாலையில் வண்டி வளைகிறவரை நின்று பார்த்தேன். அதன் வால்பக்கத்தில் யாருமே இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.